சுறுமா பூசிய றேடியோ

உங்கள் ராத்தா, என் மூத்தவள், தன்னுடைய ஆய்வுகூடத்தில் என்ன வேலை செய்கிறாள் என்று போனில் விளக்கிய அன்று, தம்பிமார் நீங்கள் இரண்டு பேரும் அவளை நன்றாகப் பகிடி பண்ணினீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிலிக்கன் துண்டு ஒன்றின் மேல், ஒரே ஒரு மூலக்கூறு தடிப்பில் ஏதோ ஒன்றைப் படியவிடுகிறாளாம். ஒன்றின் மேல் இன்னொன்று ஏறாமல், பாய் விரித்த மாதிரி ஒரே ஒரு படை. அந்தப் படையில் இருக்கிற சாமானை மாற்றினால் அதற்குக் கீழே ஓடுகிற இலத்திரன்களின் குணமும் மாறுமாம். ஒரு படைக்கு ஓடும், இன்னொன்றுக்கு நிற்கும், வேறொன்றுக்கு வெளிச்சம் பட்டால் மட்டும் ஓடும்.

"கண்ணுக்குத் தெரியாத பெயின்ட் அடிக்கவா ராத்தா இவ்வளவு காலம் படிச்ச?" என்று சின்னவன் கேட்டான்.

"ஓம், பெயின்ட்தான். போடா," என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அப்போது பக்கத்தில் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த உங்கள் உம்மா கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தா. "பெயின்ட் எண்டா லேசா? இவனுகளுக்கு நம்மட றேடியோக் கதைய நீங்க சொல்லல்லயா?" என்று கேட்டா.

உண்மைதான், ஒழுங்காகச் சொன்னதில்லை. துண்டு துண்டாகச் சொல்லியிருப்பேன். இப்போது எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். றேடியோ வேலையைத் தபாலில் வந்த பாடங்களிலும், உடைந்த பெட்டிகளை இன்னும் கொஞ்சம் உடைத்துப் பார்த்தும் படித்தவன். விஞ்ஞானத்தில் பிழை விட்டிருந்தால் மூத்தவள் திருத்தட்டும். மற்றதில் பிழை இருந்தால் உங்கள் உம்மா திருத்துவா, அதற்கு நான் கேட்கவே தேவையில்லை.

எழுபதுகளின் கடைசி அது. கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு கதவு அகலத்தில் எனக்கொரு கடை இருந்தது. ஒரு பக்கம் சாறன் கடை, மறு பக்கம் கருவாட்டுக் கடை. என்னிடம் திருத்திய றேடியோவில் எந்த நிலையத்தைப் பிடித்தாலும் கொஞ்சம் கருவாடு மணக்கும் என்று ஆட்கள் சொல்வார்கள். வெளியே வீதி வெயிலில் கொதித்தாலும் கடைக்குள் இருட்டுத்தான். மேசைக்கு மேலே ஒரு பல்ப் பகலிலும் எரியும். இந்த இருட்டையும் பல்பையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சவூதிக்குப் போனவர்கள் பெரிய பெரிய கசெட் றேடியோக்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம். ஆனால் என் பிழைப்பு பழைய பெட்டிகளில்தான் ஓடியது. எங்கள் ஊரில் றேடியோவுக்கு வருகிற நோய், வருத்தத்தில் முக்கால்வாசி கடல் காற்றால் வருவது. உப்பும் ஈரமும் சேர்ந்து, கண்ணுக்குப் பிடிபடாத ஒரு படையாக உள்ளே படியும். மின்சாரம் போகக் கூடாத இடத்தால் கசியத் தொடங்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்துக் கொடுத்தால் பெட்டி கதைக்கும். ஆகவே எந்த றேடியோ வந்தாலும், திறந்து பார்க்க முன்னமே என் வாயில் பதில் இருக்கும்: "கடக்காத்து."

எனக்குக் கலியாண வயசும் வந்திருந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பேச்சு பெண் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். பெண்ணுக்கு வீட்டையும் அவர்கள்தான் கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே போய் ஏறுவார். ஆகவே மாப்பிள்ளைப் பொடியனுக்கு உள்ள ஒரே வேலை, யாராவது வந்து கேட்கும் வரைக்கும் நல்ல பிள்ளையாக இருப்பது. நானும் இருந்தேன். யாரும் கேட்கவில்லை. வாத்தியார் வேலையா, கந்தோரில் எழுதுகிற வேலையா என்றுதான் எல்லாரும் விசாரிப்பார்கள். "றேடியோ நோண்டுற பொடியன்" என்று சொன்னதும் அந்த வீட்டில் தேத்தண்ணி ஆறிப் போகும்.

என் வாப்பாவின் தம்பி, நீங்கள் சின்னச்சாச்சா என்று கூப்பிட்டவர், இதில் மிகவும் மினக்கெட்டார். "நாம போய்க் கேக்கப்படாது. ஆனா அவங்களக் கேக்க வெக்கலாம்" என்பது அவருடைய கொள்கை. அவர் அப்படிக் கேட்க வைக்கப் பார்த்த இடம், பெரிய வயற்காரரான ஒரு போடியாரின் வீடு. இறக்காமத்தில் வயல், கல்முனையில் கடற்கரைக்குக் கிட்ட வீடு, ஒரே ஒரு மகள். அந்த மகளுக்கு ஒரு வாத்தியார் மாப்பிள்ளையும் பேச்சில் இருந்தது. போடியார் சாச்சாவிடம் சொன்னாராம்: "பொடியன் நல்லவன் எண்டு தெரியும். ஆனா அவன் செய்யிற வேல, வேலதானா எண்டு எனக்கு விளங்கல்ல."

அந்தப் பெண்ணை நான் கண்டதில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அப்போது எனக்கு ஆசை அந்தப் பெண்ணில் இல்லை. யாராவது ஒரு வீட்டில், நான் செய்வதும் ஒரு வேலைதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதுதான் என் ஆசையாக இருந்தது.

நோன்பு தொடங்கி ஒரு கிழமை போயிருக்கும். கடை திடீரென்று இன்னும் இருண்டது. நிமிர்ந்தால் வாசல் நிறையப் போடியார் நிற்கிறார். உங்களுக்கு, நீங்கள் அப்பா என்று கூப்பிட்ட இந்தப் பாட்டனாரின் கடைசிக் காலத்து உருவம்தான் நினைவிருக்கும். அந்த நாளில் அவர் ஒரு வாசலில் நின்றால் அதற்குக் கதவு தேவைப்படாது. கக்கத்தில் ஒரு றேடியோ.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க."

வாங்கித் திருப்பினேன். பின்மூடி இல்லை. அந்த இடத்தில் மாவரிக்கிற அரிதட்டின் வலையை வெட்டி ஆணி அடித்திருந்தது.

"மூடி எங்க போடியார்?"

"வயலுக்குள்ள ஆன வந்திச்சு. நான் பரணால குதிச்சன், இதுவும் என்னோட குதிச்சிச்சு. எனக்கு ஒண்டுமில்ல, இதுக்கு முதுகு உடைஞ்சி பெய்த்து."

"இப்ப என்ன வருத்தம்?"

"அதத்தான் கேளுங்க. வயல் வாடிக் குடிசைக்குக் கொண்டு போனா இரவு முழுக்கக் கிளி மாதிரிக் கதைக்கிது. ஊட்டுக்குக் கொண்டு வந்தா பகல்ல தொண்டை கட்டுது. இரவில வண்டு மாதிரி இரையிது. நோம்புக்கு முன்னத்தான் ஊட்டுக்குக் கறண்ட் எடுத்த, ரியூப் லைட்டும் போட்ட. அதுக்குப் பொறகுதான் இந்தக் கூத்து."

"கறண்ட்லயா போடுற?"

"இல்ல. பெட்டறிலதான்."

இங்கேதான் எனக்கு விளங்காமல் போயிற்று. வண்டு இரைகிற சத்தம் வீட்டு மின்சாரத்தின் சத்தம். அந்த மின்சாரத்தில் ஓடுகிற பெட்டி இரைந்தால் அதற்கு மருந்து உண்டு. பெட்டறியில் ஓடுகிற பெட்டிக்குள், கம்பியே இல்லாமல் அந்தச் சத்தம் எப்படிப் போகும்? யோசித்துக்கொண்டு நின்றால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார். ஆகவே சொன்னேன்: "கடக்காத்து, போடியார். வயலுக்குக் கடல் தூரம், அதுதான் அங்க கதைக்கிது."

அவர் தலையை ஆட்டினார். போகத் திரும்பி, மறுபடியும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"பெருநாள் பிறைய இதிலதான் கேக்கணும். நம்மட ஒழுங்கைச் சனமே நம்மட ஊட்டுக்குத்தான் வரும், புது லைட்டயும் பாக்க. சாச்சாவும் சொன்னாரு, நீங்க நல்ல கைக்காரன் எண்டு. பாத்துச் செய்ங்க."

விளங்கிற்று. றேடியோ தேறினால் நான் தேறுவேன்.

அவர் போனதும் பெட்டியைப் பல்புக்குக் கீழே வைத்துத் திறந்தேன். போட்டுப் பார்த்தால், ஓம், இரைகிறது. மேசைக்குப் பின்னால் ஓடுகிற கம்பியிலிருந்து வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பிரிட் தொட்டு எல்லா இடமும் துடைத்தேன். உள்ளே இருந்த ரான்சிஸ்டர்கள் பழைய காலத்துச் சாமான்: பிஞ்சுப் பச்சைமிளகாயின் நுனி அளவில் சின்னக் கண்ணாடிக் குப்பி, கீழே மூன்று கம்பிக் கால், குப்பிக்கு மேலே கறுப்புப் பெயின்ட். அந்தக் கறுப்புக் கூட்டத்தில் ஒன்று மட்டும் வெறும் கண்ணாடியாகப் பளபளத்தது. வேறு கொம்பனிச் சாமான் ஒன்றை யாரோ பிறகு போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். பெட்டியைக் காயவைத்து, வலையைத் திரும்ப அடித்து, கடையின் உள் மூலையில் மேல்தட்டில் வைத்துப் போட்டேன். கிளி மாதிரித்தான் கதைத்தது. எனக்கு மிகவும் சந்தோசம். நான்தான் திருத்தினேன் என்று நினைத்தேன். மேல்தட்டு இருட்டு என்பது என் புத்தியில் படவில்லை.

போடியார் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நல்ல செய்தி என்று நானும் சாச்சாவும் நினைத்தோம். உண்மையில் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வயலுக்குப் போயிருந்தார். அங்கே அது எப்போதும் போல நன்றாகக் கதைத்திருக்கிறது. பிறை பார்க்கிற அன்று பின்நேரம்தான் அதோடு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

அன்று நோன்பு திறக்க எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளையாக இல்லை. மாப்பிள்ளையாகப் போக இன்னும் யாரும் கேட்கவில்லையே. றேடியோக்காரனாகவும் றேடியோக்காரனின் சாச்சாவாகவும் போனோம். மேற்கே வயல் பக்கம் ஒரே மேகம். ஆட்கள் வெளியே நின்று கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, இனிக் கொழும்பிலிருந்து சொன்னால்தான் உண்டு என்று உள்ளே வந்தார்கள். கஞ்சி குடித்து, மஃரிப் தொழுது முடிந்ததும் நடு மண்டபம் நிறைந்துவிட்டது. மேலே ரியூப் லைட். அதன் கீழே மேசை, மேசையில் வெள்ளைத் துணி, துணியில் றேடியோ. அறை வாசலில் சீத்தைத் துணித் திரை, திரைக்குப் பின்னால் பெண்கள்.

போடியார் பிஸ்மி சொல்லி றேடியோவைத் திருகினார்.

இரைந்தது. மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி இரைந்தது. அதற்குள்ளே எங்கேயோ கிணற்றுக்குள் விழுந்த ஆள் போல ஒருவர் கதைத்துக்கொண்டிருந்தார்.

முன்வீட்டுக்காரர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். தோணிகள் வைத்திருந்தவர். அந்த வாத்தியார் மாப்பிள்ளை அவருக்குச் சொந்தம் என்று சாச்சா வரும் வழியிலேயே என் காதில் போட்டிருந்தார். அவர் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்:

"தம்பி, நாங்க பிறையக் கேக்க வந்தயா, வண்டக் கேக்க வந்தயா?"

எல்லாரும் சிரித்தார்கள். சாச்சா மட்டும் ரியூப் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடக்காத்து எண்டாரே," என்றார் போடியார். கோபமில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கணக்கை முடித்த ஆள் மாதிரி அமைதியாகச் சொன்னார். அந்தக் குரலில் வாத்தியார் மாப்பிள்ளை வந்து மாப்பிள்ளைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டது தெரிந்தது.

நான் எழும்பிப் போய் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. பக்கவாட்டில் காதைக் கொடுத்துக் கேட்டேன், ஏரியல் கம்பியை அசைத்தேன், இரைச்சல் இரைச்சலாகவே இருந்தது. அப்போது போடியார், நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க என் தோளுக்கு மேலால் குனிந்தார்.

இரைச்சல் நின்றது. றேடியோவில் கதைத்த மனிதர் கிணற்றிலிருந்து ஏறி எங்கள் நடுவில் வந்து இருந்த மாதிரி தெளிவாகக் கதைத்தார்.

"ஆ, வந்திட்டு!" என்று போடியார் நிமிர்ந்தார். உடனே வண்டும் வந்துவிட்டது.

"போடியார், ஒருக்கா இன்னும் குனிங்க."

குனிந்தார். நின்றது.

"நிமிருங்க."

இரைந்தது.

முன்வீட்டுக்காரர் விடுவாரா? "பாத்தயளா, போடியார் கிட்ட வந்தா அதுவும் வாயப் பொத்துது! நம்மளப் போலத்தான்!"

"அப்ப நான் பிறை சொல்லுற வரைக்கும் இப்பிடியே குனிஞ்சி நிக்கவா?" என்று போடியார் கேட்டார். அவரும் சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் மேசைத் துணியில் இருந்தது. அவர் குனியும்போது அவருடைய நிழல் பெட்டியின் முதுகில் விழுகிறது. நிமிரும்போது விலகுகிறது. என் கையை எடுத்து வலைக்கு மேலே பிடித்தேன். நின்றது. எடுத்தேன். இரைந்தது. என் கடைப் பல்பு, இருட்டு மேல்தட்டு, குப்பிவிளக்கு மட்டும் எரிகிற வயல் வாடி, எல்லாம் ஒன்றாக வந்து மண்டைக்குள் குந்தின.

"போடியார், இதுக்கு வெளிச்சம்தான் ஒத்து வருகுதில்ல."

"அப்ப லைட்ட நிப்பாட்டினாச் சரிதானே?" என்றார் ஒருவர்.

"லைட்ட நிப்பாட்டிப் போட்டு இருட்டுக்குள்ள றேடியோ கேக்கவா நான் கறண்ட் எடுத்த?" என்றார் போடியார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆணியைக் கழற்றி வலையை எடுத்தேன். அந்த வெறும் கண்ணாடிக் குப்பி உள்ளே பளபளத்தது. இந்த முறை கிட்டப் பார்த்தேன். அது வேறு கொம்பனிச் சாமான் இல்லை. அடியில், கால்கள் தொடங்குகிற இடத்தில், கறுப்புப் பெயின்ட் ஒரு மெல்லிய வளையமாக மிச்சம் இருந்தது. கண்ணாடியில் பிளேட்டால் சுரண்டிய கோடுகள். விரல் நுனியால் அந்தக் குப்பியை மட்டும் மறைத்தேன். வண்டு செத்துவிட்டது.

"இதுக்குள்ள யாரும் துப்பரவாக்கினாங்களா?" என்று கேட்டேன்.

"ஆர் துப்பரவாக்கிற? நம்மட ஊட்டுப் பொம்புளைகள் றேடியோவத் தொடுறல்ல," என்றார் போடியார்.

திரைக்குப் பின்னால் கொஞ்சம் குசுகுசுப்பு. யாரோ யாரையோ பிடித்து இழுக்கிற மாதிரி. பிறகு ஒரு குரல், பயப்படாத குரல்:

"நான்தான் வாப்பா. நோம்புக்கு ஊடெல்லாம் வெள்ளை அடிச்சிக் கழுவின நேரம் அதயும் கழட்டித் துடைச்ச. வாடி விளக்கிட கரி உள்ளுக்குள்ள அப்பியிருந்திச்சு. அந்தச் சின்னக் குப்பிகளும் கரி புடிச்சிக் கிடந்திச்சு. துணியால போகல்ல, பிளேட்டால சுரண்டின. ஒண்டு முடியக்குள்ள பாங்கு சொல்லிட்டாங்க, மத்தத விட்டுட்டன்."

நான் பெட்டிக்குள்ளே பார்த்தபடி நின்றேன். மற்றக் குப்பிகள் எல்லாம் கறுப்பாகத் தப்பிக் கிடந்தன. அந்தப் பாங்கு கொஞ்சம் பிந்தியிருந்தால் அந்த றேடியோவில் ஒரு குரலும் மிஞ்சியிராது.

"அது கரி இல்ல," என்றேன், பெட்டியைப் பார்த்தே. "அது பெயின்ட். உள்ள இரிக்கிற சாமானுக்கு வெளிச்சம் படாம மூடியிரிக்கிற."

"கண்ணாடிக்கு ஆரு கறுப்படிக்கிற? தெரிஞ்சா சுரண்டுவனா?" என்றது குரல். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "கறுப்புப் போனதுதான் வருத்தமெண்டா, திரும்பக் கறுப்புப் பூசினாச் சரிதானே?"

சரிதான். ஆனால் எதைப் பூசுவது? என்னிடம் இருந்த பெயின்ட் கடையில் கிடந்தது. கடைக்குப் போய்வரப் பிறை சொல்லி முடித்துவிடுவார்கள். நான் மேசையைச் சுற்றித் தேடுகிறதைப் பார்த்து முன்வீட்டுக்காரர், "தம்பி, சட்டிக் கரியச் சுரண்டித் தரச் சொல்லவா? சுரண்ட நல்ல ஆள் இரிக்கி," என்றார்.

திரை கொஞ்சம் விலகிற்று. ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கையில் பித்தளைச் சுறுமாச் சிமிழ். விடிந்தால் பெருநாளாக இருக்கலாம் என்று வாப்பாவுக்கும் மாமாமாருக்கும் கண்ணுக்கு மையாகப் போட எடுத்து வைத்த கறுப்புத் தூள். பின்னாலேயே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், வெற்றிலையில்.

"கண்ணுக்குப் பூசுறதுதான். இதுக்கும் கண் மாதிரித்தானே இரிக்கி, வெளிச்சம் பட்டாக் கூசுதே?" என்றது குரல்.

பிள்ளைகளே, அந்த நிமிசத்தில்தான் என் ஆசை மாறிற்று. அதுவரை வீட்டாரின் மதிப்பு போதும் என்றிருந்தேன். இப்போது அந்தக் குரலும் வேண்டும் என்று இருந்தது. கெட்ட நேரத்தில் வந்த ஆசை. றேடியோ இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது, முன்வீட்டுக்காரர் முன்னால் இருக்கிறார்.

சுறுமாவை எண்ணெயில் குழைத்து, நெருப்புக்குச்சி நுனியால் அந்தக் குப்பியின் மேல் பூசினேன். கம்பிக் கால்களில் படக் கூடாது. அதில் பட்டால் வேறு வருத்தம் வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தைப்பிள்ளையின் கண்ணுக்குப் பூசுகிற மாதிரிப் பூசினேன். பூசப் பூச இரைச்சல் குறைந்து வந்தது. வண்டு யன்னலால் வெளியே போய், வளவுக்கு அப்பால் போய், கடைசியில் இல்லாமலே போய்விட்டது.

கையை எடுத்தேன். எல்லாரையும் விலகச் சொன்னேன். ரியூப் லைட் நேரே உள்ளே விழுந்தது. றேடியோ அசையவில்லை. தெளிவாகக் கதைத்துக்கொண்டே இருந்தது.

அதில் நடந்தது என்ன என்று பிறகு மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டேன், மிச்சத்தை மூத்தவள் போன கிழமை விளக்கினாள். அந்தக் குப்பிக்குள் ஜேர்மேனியம் என்கிற குறைகடத்தித் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் வேலை, சின்னச் சத்தத்தைப் பெரிதாக்குவது. ஆனால் வெளிச்சம் பட்டாலும் அதற்குள் இலத்திரன்கள் எழும்பி ஓடத் தொடங்கும். பகல் வெளிச்சம் ஒரே சீராக விழுவதால் குரல் கட்டிப்போகும். ரியூப் லைட்டோ எங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மங்கி மங்கி எரிகிறது. அந்த மங்கலும் துலக்கமும்தான் இரைச்சலாகக் கேட்டது. மின்சாரம் கம்பியால் வரவில்லை, வெளிச்சத்தில் ஏறி வந்திருக்கிறது. அதை நிறுத்தி வைத்திருந்தது ஒரு பூச்சுப் பெயின்ட். என்னுடைய படை பெயின்ட் தடிப்பு, மகளுடையது ஒரு மூலக்கூறு தடிப்பு. வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும், மேலே என்ன படிந்திருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் உள்ளே இலத்திரன் நடக்கிறது என்பதை நான் ரியூப் லைட்டுக்குக் கீழே கண்ணால் கண்டவன். கடல் காற்றின் ஈரப் படையும் அந்தச் சாதிதான். அந்த ஒரு நாள் மட்டும் அதன் மேல் வீண்பழி போட்டுவிட்டேன்.

இன்னொன்றும் மகள் சொன்னாள். பழைய காலத்துச் சுறுமாக் கல் அனேகமாக ஈயம் கலந்த ஒரு கல், அதுவும் ஒரு குறைகடத்திதானாம். குறைகடத்தியின் கண்ணைக் குறைகடத்தியாலேயே மூடியிருக்கிறேன். அது கண்ணுக்கு நல்லதில்லை என்றும் சொன்னாள், ஆகவே நீங்கள் யாரும் அந்தச் சிமிழைத் தேட வேண்டாம்.

பிறை வந்தது. எங்கேயோ வேறு ஊரில் மேகம் விலகியிருக்கிறது. நாளைக்குப் பெருநாள் என்று கொழும்பிலிருந்து சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டோம். மண்டபத்தில் தக்பீர் சத்தம் எழும்பிற்று. வெளியே சின்னப் பிள்ளைகள் ஒழுங்கை ஒழுங்கையாகக் கத்திக்கொண்டு ஓடினார்கள். முன்வீட்டுக்காரர் எழும்பி வந்து என் முதுகில் தட்டினார். "வாத்தியாருக்கு இது வராதுதான்," என்றார். தோற்றாலும் பகிடியை விடாத மனிதர்.

நான் வலையைத் திரும்ப அடிக்கும் வரைக்கும் போடியார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சிமிழைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"மிச்சம் வெச்சிரிக்கயா? நாளைக்கு எனக்கும் கண் இரிக்கி."

அடுத்த நாள் பெருநாள் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் முற்றத்தில் எல்லாரும் கட்டித் தழுவிக்கொண்டிருந்தபோது போடியார் என்னைத் தேடி வந்தார். புதுச் சாறன், அத்தர் வாசம், இரண்டு கண்ணிலும் சுறுமாக் கோடு. என்னைத் தழுவிவிட்டு, எனக்குச் சொல்லாமல், பக்கத்தில் நின்ற சாச்சாவுக்குச் சொன்னார்:

"இரவு லைட்டுக்குக் கீழதான் வெச்சன். இப்பவும் கதைக்கிது. அவன் செய்யிறது வேலதான்."

சாச்சா பேசாமல் நின்றார். நாம் போய்க் கேட்கக் கூடாது என்பது அவர் கொள்கை அல்லவா.

"பின்நேரம் நாங்க உங்கட ஊட்டுக்கு வாறம்," என்றார் போடியார். "கதைக்க."

இதை எழுதி முடித்ததும் உங்கள் உம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தா. இரண்டே திருத்தம் சொன்னா. அது பிளேட் இல்லையாம், பாக்குவெட்டியாம். மற்றது, குசுகுசுத்தபோது அவவைப் பிடித்து இழுத்தவர்கள், சொல்லாதே என்று இழுக்கவில்லையாம். எட்டிப் பார்க்காதே என்றுதான் இழுத்தார்களாம்.